உலகக் கோப்பையும் உள்ளூர்ச் சூதும்

வருகிற ஜூன் 11 ஆம் நாள் மெக்சிகோ நகரின் அஸ்டெகா மைதானத்தில் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி தொடங்குகிறது. 48 நாடுகள், 104 ஆட்டங்கள், 39 நாட்கள். 2022 இல் கத்தாரில் ஆடப்பட்டவை 64 ஆட்டங்களே. நான்கே ஆண்டுகளில் 40 ஆட்டங்கள் கூடியதற்கு விளையாட்டின் வளர்ச்சி ஒன்றே காரணம் என்று நம்புவோர் நம்பட்டும். கூடுதலாகும் ஒவ்வோர் ஆட்டமும் ஒளிபரப்புச் சந்தைக்கும் விளம்பரச் சந்தைக்கும் பந்தயச் சந்தைக்கும் கூடுதல் சரக்கு. முதலிரண்டைப் பற்றி நம் ஏடுகள் நிறையவே எழுதியுள்ளன. மூன்றாவதைப் பற்றி நம்மிடையே ஒருவகைக் கூச்சம் நிலவுகிறது. அந்தக் கூச்சத்தைக் குறித்தே இக்கட்டுரை.

காரக்கோணம், குன்னத்துக்கால், தனுவச்சபுரம், பாறசாலை என்று நெய்யாற்றின்கரை வட்டத்தின் எல்லையோர ஊர்கள் எதை எடுத்துக்கொண்டாலும் உலகக் கோப்பை என்பது ஊர்த்திருவிழாதான். அர்ஜென்டினாவின் வெளிர்நீலமும் பிரேசிலின் மஞ்சளும் சந்திப்புகளில் எதிரெதிரே நிற்கும். வாசகசாலைத் திண்ணையில் இரு கட்சியாகப் பிரிந்து வாதிடுவோரில் நம் கிளைத் தோழர்களும் இருப்பர். 2022 இல் கோழிக்கோட்டுப் புள்ளாவூரில் ஆற்றின் நடுவே மெஸ்ஸிக்கும் நெய்மருக்கும் ரொனால்டோவுக்கும் ஆளுயரத்தைக் கடந்த உருவங்களை நிறுத்தியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. இந்தக் கொண்டாட்டத்தைக் குறைசொல்வது என் நோக்கமன்று. வேறொரு கண்டத்தின் உழைப்பாளி வீட்டுப் பிள்ளையின் ஆட்டத்தைக் கண்டு காரக்கோணத்துப் பால்வெட்டுத் தொழிலாளி நெஞ்சம் நெகிழ்வதில் இழிவு ஏதுமில்லை. மதத் தலைமைகள் சில கால்பந்து மோகத்தை வழிபாட்டுக்கு ஊறு என்று கண்டித்தபோது அதை மறுத்து நின்றவர்கள் நாம்.

ஆனால் இம்முறை கொண்டாட்டத்தோடு இன்னொன்றும் வந்துகொண்டிருக்கிறது. 'ரசிகர் வழிகாட்டி' என்ற பெயரில் தமிழிலும் மலையாளத்திலும் கைப்பேசிக்கு வந்துசேரும் குறிப்புகளைப் பாருங்கள். எந்தப் பிரிவில் எந்த நாடு, எந்த ஆட்டம் நம் நேரப்படி எத்தனை மணிக்கு, எந்த வீரருக்குக் காயம் என்று தொடங்கும். பத்தாவது வரிக்குள் எந்த ஆட்டத்தில் எவ்வளவு கட்டலாம் என்பதற்கு வந்துவிடும். முடிவில் ஒரு கைப்பேசி எண் இருக்கும். அழைத்தால் 'ஐடி' எடுத்துக் கொடுப்பார்கள். விளையாட்டைப் பின்தொடர்வதும் அதன்மேல் பணம் கட்டுவதும் ஒரே செயலின் இரு பாதிகள் என்று நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் வேலை நடக்கிறது.

மொழிபெயர்ப்பு வேலை செய்பவர் என்ற முறையில் இக்குறிப்புகளின் தமிழை நான் சற்று உற்றுநோக்குவதுண்டு. 'சூது' என்ற சொல் அவற்றில் எங்கும் வராது. 'பந்தயம்' என்பதும் அரிது. 'கணிப்பு' என்பார்கள், 'திறன் விளையாட்டு' என்பார்கள், தோற்ற பணத்துக்கு 'நுழைவுக் கட்டணம்' என்று பெயர். இதற்கு நேர்மாறாக, நம் பழைய மொழி ஒளிவுமறைவு அறியாதது. திருக்குறளின் 94 ஆம் அதிகாரத்தில் 'கழகம்' என்ற சொல் சூதாடும் இடத்தையே குறிக்கிறது. பிற்காலத்தில் அறிஞர் அவைக்கும், அரசியல் கட்சிகளுக்கும், கால்பந்துக் குழுக்களுக்கும் அச்சொல் பெயராயிற்று. இன்றைய கால்பந்துக் கழகங்கள் சிலவற்றின் சட்டையில் பந்தய நிறுவனத்தின் பெயர் பொறித்திருப்பதைப் பார்க்கையில், சொல் தன் பழைய வீட்டுக்கே திரும்புகிறதோ என்று தோன்றுகிறது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கழகங்களே, சட்டையின் முன்புறத்தில் சூதாட்ட நிறுவனப் பெயரை 2026-27 பருவத்திலிருந்து நீக்கிக்கொள்ள உடன்பட்டுள்ளன. முன்புறம் மட்டும்தான், கைப்பகுதிக்கும் மைதான விளம்பரப் பலகைக்கும் தடையில்லை.

அந்த அதிகாரத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். வள்ளுவர் சூதை அறத்துப்பாலில் வைக்கவில்லை; பொருட்பாலில், கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையே வைத்தார். தனிமனித ஒழுக்கக் கேடு என்பதைவிட, பொருளும் வாழ்வும் சிதையும் வழி என்றே அவர் இதைக் கருதினார் என்று கொள்ள இடமுண்டு. 'சூதாட்டத்தை எதிர்ப்பது நடுத்தரவர்க்க ஒழுக்கவாதம்' என்று நம்மில் படித்த சிலர் சொல்வதற்கு விடையாக இதையே முன்வைக்கிறேன். ஒழுக்கத்தை ஒதுக்கிவைப்போம். கணக்கைப் பார்ப்போம்.

ஓர் ஆட்டத்துக்கு மூன்று முடிவுகள் உண்டு: முதல் அணி வெல்லலாம், சமனாகலாம், இரண்டாம் அணி வெல்லலாம். பந்தயம் நடத்துபவர் இவற்றுக்கு முறையே 2.10, 3.20, 3.40 என்று விலை வைப்பதாக எடுத்துக்காட்டுக்குக் கொள்வோம். முதல் அணியின்மேல் 100 ரூபாய் கட்டி அது வென்றால் 210 கைக்கு வரும் என்பது பொருள். இனி, எந்த முடிவு வந்தாலும் நமக்கு 100 ரூபாய் கிடைக்கவேண்டுமானால் மூன்றின்மேலும் எவ்வளவு கட்டவேண்டும்? முதலாவதற்கு 47.60, இரண்டாவதற்கு 31.25, மூன்றாவதற்கு 29.40. கூட்டினால் 108 ரூபாய் 25 காசு. நூறு ரூபாயைப் பெறுவதற்கு நூற்றெட்டேகால் ரூபாய்! அந்த எட்டேகால்தான் கடை நடத்துபவரின் பங்கு. எந்த அணி வென்றாலும் அது அவருக்குச் சேரும். விலையை அவ்வாறு அமைப்பதற்கே கணிப்பொறிகளையும் கணித வல்லுநர்களையும் வைத்திருக்கிறார். கட்டுபவர்கள் அனைவரையும் சேர்த்துப் பார்த்தால் 100 ரூபாய்க்கு ஏறத்தாழ 92 ரூபாயே திரும்புகிறது.

இளைஞர்கள் தனி ஆட்டத்தின்மேல் கட்டுவதோடு நிற்பதில்லை. ஐந்து ஆட்டங்களைச் சேர்த்துக் கட்டினால் சிறு தொகைக்குப் பெருந்தொகை கிடைக்கும் என்ற ஆசை காட்டப்படுகிறது. கடையின் பங்கும் நான்கு மடங்குக்கு மேல் பெருகுகிறது என்பதை எவரும் சொல்வதில்லை. 92 விழுக்காட்டின் 92 விழுக்காடு என்று ஐந்து முறை கணக்கிட்டால் எஞ்சுவது ஏறத்தாழ 66 ரூபாய். அதாவது கட்டியவர்களின் பணத்தில் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. கந்துவட்டிக்காரனைக்கூட ஊர் திட்டும். இவரை எவரும் கண்ணால் கண்டதில்லை.

'நான் ஆட்டத்தை அறிந்தவன், பத்தாண்டுகளாகப் பார்க்கிறேன், குருட்டாம்போக்கில் கட்டவில்லை' என்பார் சிலர். இந்த வாதத்துக்கு நம் நீதிமன்றங்களிலேயே பெரிய வரலாறு உண்டு. திறன் மிகுதியாக உள்ள போட்டி சூதாட்டம் ஆகாது என்று உச்சநீதிமன்றம் 1957 இல் சொன்னது. 1968 இல் ரம்மிக்கும், 1996 இல் தமிழ்நாட்டுக் குதிரைப் பந்தய வழக்கிலும் அதையே நீட்டித்தது. ஆடுகிறவரின் திறனையும் பணம் கட்டுகிறவரின் ஊகத்தையும் ஒரே தட்டில் வைத்த தீர்ப்புகள் பின்னாளில் எவருக்குப் பயன்பட்டன என்பதைக் கைப்பேசித் திரையே காட்டுகிறது. ஆட்டத்தை நீங்கள் அறிந்திருக்கலாம், தோழரே. விலை வைப்பவர் அதைவிட நன்றாக அறிந்திருக்கிறார். அதோடு உங்களையும் அறிந்திருக்கிறார். எந்நேரம் கட்டுகிறீர்கள், தோற்றபின் எத்தனை நிமிடத்தில் மீண்டும் கட்டுகிறீர்கள் என்பதெல்லாம் அவர் கணக்கில் உண்டு. இவ்வாண்டு ஆட்டங்களில் பெரும்பாலானவை நமக்கு நள்ளிரவிலும் விடியற்காலையிலும் வருகின்றன. பால்வெட்டுக்கு எழுகிற நேரத்தில், அரைத் தூக்கத்தில், அடுத்த மூலை உதை எந்த அணிக்கு என்று கட்டுவதில் என்ன திறன் இருக்கமுடியும்?

தோற்றவர் மீசையை எடுத்துக்கொள்வது, வென்றவருக்குப் பிரியாணி வாங்கித் தருவது, மறுநாள் எதிரணிச் சட்டையைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போவது என்று நம் ஊர்களில் பழைய பந்தயங்கள் உண்டு. அவற்றையும் சேர்த்து எதிர்க்கிறீர்களா என்று கேட்பார்கள். இல்லை. அங்கே இருவர் கட்டுகிறார்கள். ஒருவர் தோற்றதை மற்றவர் உண்கிறார், பெரும்பாலும் இருவரும் சேர்ந்தே உண்கிறார்கள். நடுவே நின்று பங்கு எடுக்கும் மூலதனம் அங்கே இல்லை.

சட்டம் என்ன செய்தது? இங்கேதான் ஒன்றிய அரசின் நாடகத்தைத் தோழர்கள் நினைவில் கொள்ளவேண்டும். பந்தயமும் சூதாட்டமும் அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 34 ஆம் இனம். கேரளத்தின் இடது ஜனநாயக முன்னணி அரசு 2021 பிப்ரவரியில் பணம் கட்டி ஆடும் இணைய ரம்மியைத் தடைசெய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் உயர்நீதிமன்றம் தடையை நீக்கியது. தமிழ்நாட்டில் முந்தைய அரசு கொண்டுவந்த சட்டம் 2021 ஆகஸ்டில் ரத்தாயிற்று. பிறகு நீதியரசர் கே. சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கையைப் பெற்று 2022 அக்டோபரில் சட்டப்பேரவை மீண்டும் சட்டம் இயற்றியது. மாதக்கணக்கில் அதைக் கையில் வைத்திருந்த ஆளுநர் ஆர்.என். ரவி, பேரவைக்கு அதிகாரமில்லை என்று 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். பேரவை இரண்டாம் முறை நிறைவேற்றிய பின்னரே ஏப்ரல் 7 ஆம் நாள் ஒப்புதல் கிடைத்தது. அதற்கு முந்தைய நாள், ஏப்ரல் 6 அன்று, ஒன்றிய அரசு என்ன செய்தது தெரியுமா? தகவல் தொழில்நுட்ப விதிகளைத் திருத்தி, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்குத் தொழில்துறையே அமைத்துக்கொள்ளும் அமைப்புகள் அனுமதி வழங்கலாம் என்றது. அக்டோபர் 1 முதல் கட்டும் தொகை முழுவதற்கும் 28 விழுக்காடு ஜி.எஸ்.டி. அதே ஆண்டில் இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையில் ட்ரீம்11 ஏறியது. 2025 ஆகஸ்டில் திடீரென ஞானோதயம்: 20 ஆம் நாள் மக்களவை, 21 ஆம் நாள் மாநிலங்களவை, 22 ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஒப்புதல். குரல் வாக்கெடுப்பில், விவாதமின்றி முழுத் தடை. ஆண்டுதோறும் 45 கோடிப் பேர் ஏறத்தாழ 20,000 கோடி ரூபாயை இழக்கிறார்கள் என்று காரணம் சொன்னார்கள். அந்த இழப்பின்மேல் இரண்டாண்டுகள் வரி வாங்கியவர்கள் யார்?

தடையை நாம் எதிர்க்கவில்லை, எதிர்க்கவும் கூடாது. மாநிலங்களின் அதிகாரத்தை முடக்கி, பின் அதைத் தாமே செய்ததாகக் காட்டிக்கொள்ளும் முறையை எதிர்க்கிறோம். தடையோ உள்நாட்டு நிறுவனங்களின் கதவை அடைத்தது; வெளிநாட்டுத் தீவுகளில் பதிவுசெய்துகொண்டு டெலிகிராம் வழியாகவும் தரகர் வழியாகவும் நுழையும் கடைகளை அது முழுமையாகத் தடுத்துவிடவில்லை. அவற்றின் பணம் செல்லும் வழி நம் பிள்ளைகளின் வங்கிக் கணக்கு. மாதம் சில ஆயிரம் தருகிறேன், கணக்கை எனக்குக் கொடு என்பவனிடம் கல்லூரி மாணவன் ஏ.டி.எம். அட்டையைக் கொடுக்கிறான், பின்னர் காவல்துறை அவனைத்தான் தேடி வருகிறது.

இனி, கூச்சத்துக்கு வருவோம். இதையெல்லாம் கிளைக்கூட்டத்தில் பேசத் தொடங்கினால் யாராவது ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்பார்: 'லாட்டரி விற்கிற அரசை வைத்துக்கொண்டு நாம் பேசலாமா?' காரக்கோணத்தில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் வலு உண்டு. தமிழ்நாடு 2003 ஜனவரியில் லாட்டரியைத் தடைசெய்தது. அன்றுமுதல் களியக்காவிளை, பனச்சமூடு, கன்னுமாமூடு என்று எல்லை நெடுக, கேரளப் பக்கத்து லாட்டரிக் கடைகளைத் தேடி விளவங்கோட்டுக் கூலித் தொழிலாளி வருகிறார். 1956 நவம்பர் 1 அன்று வரைந்த எல்லை மொழியைப் பிரித்தது என்பார்கள். எங்கள் தமிழ் இப்பக்கமும் இருக்கிறது, அவர்கள் மலையாளம் அப்பக்கமும் இருக்கிறது. எது எங்கே விற்கலாம் என்பதைத்தான் அந்த எல்லை உண்மையாகப் பிரித்தது.

கேள்வியிலிருந்து நழுவக் கூடாது. கேரள அரசு லாட்டரியைத் தொடங்கியது 1967 இல், தோழர் ஈ.எம்.எஸ். தலைமையிலான ஏழுகட்சி அமைச்சரவை; நிதியமைச்சர் பி.கே. குஞ்ஞு. தனியார் குலுக்கல்களை ஒழித்து அந்த வருவாயைப் பொதுநலனுக்குத் திருப்புவதே நோக்கம். சீட்டு விலை ஒரு ரூபாய். முதல் பரிசு 50,000 ரூபாய். முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26. இன்று வாரத்தின் ஏழு நாளும் குலுக்கல் உண்டு. சீட்டு 50 ரூபாய். ஓணம் பம்பருக்கு 500. காகிதச் சீட்டுக்கும் கைப்பேசிப் பந்தயத்துக்கும் வேறுபாடு இல்லாமல் இல்லை. சீட்டு வாங்கியவர் முடிவுக்கு மாலை வரை காத்திருக்கவேண்டும். தோற்ற நிமிடத்திலேயே அதைப் பிடிக்க அடுத்ததைக் கட்டமுடியாது. கணக்கு சட்டமன்றத்துக்கு வருகிறது. மாற்றுத்திறனாளிகளும் முதியோரும் உட்படப் பல்லாயிரம் பேர் சீட்டு விற்று உண்கிறார்கள். இவையெல்லாம் மெய். ஆனால் வேறுபாட்டை எடுத்துச் சொல்வதோடு நம் கடமை முடிந்துவிட்டதாக நாம் எண்ணிவிட்டோம். சீட்டு வாங்குபவர் யார்? தொழிலுறுதி வேலைக்குப் போகும் பெண்ணின் கணவர், ஆட்டோ ஓட்டுநர், கொத்தனார். பொதுநலனுக்கான பணத்தைச் செல்வரிடம் வரியாக வாங்க அதிகாரம் போதாத மாநிலம் ஏழையிடம் ஆசையாக வாங்குகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் லாட்டரிக்கு 40 விழுக்காடு ஜி.எஸ்.டி.; அதில் பாதி ஒன்றியத்துக்கு. 'பணம் கேரளத்திலேயே தங்குகிறது' என்ற பழைய விடையும் முழுமையாகச் செல்லாது.

ஆகவே என் கருத்தைத் திறந்தே சொல்கிறேன்; மாறுபடும் தோழர்கள் எழுதட்டும். அரசு லாட்டரியை நாளையே மூடச் சொல்லவில்லை. விற்பவர்களின் கஞ்சியில் மண்ணைப் போட நமக்கு உரிமையில்லை. புதிய குலுக்கல் எதுவும் கூடாது, வாரக் குலுக்கல்கள் படிப்படியாகக் குறையவேண்டும், விற்பனையாளர் நலநிதி மாற்றுத் தொழிலுக்குப் பயன்படவேண்டும், எக்காரணத்தாலும் லாட்டரி கைப்பேசிக்குப் போகக் கூடாது என்று சொல்ல இடதுசாரிகளால் முடியும். இதைச் சொல்லிவிட்டால் அந்தச் சிரிப்புக்கு நாம் அஞ்சவேண்டியதில்லை.

அஞ்சவேண்டியவர்கள் வேறு. தேர்தல் பத்திர விவரங்கள் 2024 மார்ச்சில் வெளியானபோது மிகப்பெரிய கொடையாளியாகத் தெரியவந்தது கோவையைச் சேர்ந்த லாட்டரி நிறுவனம்: 1,368 கோடி ரூபாய். அதில் 500 கோடிக்கு மேல் திரிணாமுல் காங்கிரசுக்கு, 500 கோடிக்கு மேல் தமிழ்நாட்டில் நம் தோழமைக் கட்சிக்கு, 100 கோடி பா.ஜ.க.வுக்கு. இடதுசாரிக் கட்சிகள் அந்தப் பத்திரங்களைத் தொடவில்லை. லாட்டரி சீட்டைத் தடைசெய்த மாநிலத்திலிருந்தே லாட்டரி மூலதனம் நாட்டின் அரசியலுக்கு விலை வைத்தது என்பதைக் கூட்டணி நாகரிகம் கருதி மறைக்கவேண்டியதில்லை.

பந்தயம் விளையாட்டுக்கு என்ன செய்கிறது என்பதற்குத் தமிழ்ப்பெயர் தாங்கிய சான்று ஒன்று உண்டு. வில்சன் ராஜ் பெருமாள், சிங்கப்பூர்த் தமிழர். ஆட்டமுடிவுகளை விலைபேசியதற்காகப் பின்லாந்தில் 2011 இல் சிறைத்தண்டனை பெற்றவர். 2010 செப்டம்பரில் பஹ்ரைனோடு ஆட 'டோகோ தேசிய அணி' என்ற பெயரில் ஒரு போலி அணியே போய் இறங்கியதே, அதன் பின்னணியிலும் அவர் பெயர் சொல்லப்பட்டது. ரொவானியெமி நகரில் அவர் வலையில் வீழ்ந்தவர்கள் பெரும்பாலும் ஜாம்பியா நாட்டு வீரர்கள். தாயகத்தை விட்டுச் சிறு கழகங்களில் சொற்ப ஊதியத்துக்கு ஆடும் வீரனையே இத்தொழில் தேடிப் போகிறது. 2022 நவம்பரில் இந்தியக் கால்பந்துக் கழகங்கள் சிலவற்றிலும் அவர் தொடர்புடைய பணம் புகுந்ததா என்று சி.பி.ஐ. விசாரிக்கத் தொடங்கியது. நம் நாட்டில் ஏன் தேடினார்கள் என்று வியக்கவேண்டாம். 2025 ஆகஸ்டில், ஐ.எஸ்.எல். உரிமை ஒப்பந்தம் முடங்கியதால் சென்னையின் எஃப்.சி. செயல்பாடுகளை நிறுத்திவைத்தது, பெங்களூரு எஃப்.சி. வீரர்களின் ஊதியத்தையே நிறுத்தியது. அவ்வாண்டு நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடம் தோற்று, உலகத் தரவரிசையில் 142 ஆம் இடத்துக்கு இறங்கினோம். அதே நவம்பரில் அர்ஜென்டினா அணியைக் கொச்சிக்கு அழைத்துவருவதாக நம் விளையாட்டு அமைச்சர் அறிவித்திருந்ததும், அது நடக்காமற்போனதும் தோழர்கள் அறிந்ததே. அந்த அறிவிப்புகளுக்குச் செலவிட்ட மூச்சில் ஒரு பகுதியைப் பொழியூருக்குச் செலவிட்டிருக்கலாம்.

பொழியூர் காரக்கோணத்திலிருந்து தொலைவில்லை; கேரளக் கடற்கரையின் தென்கோடி. அங்கிருந்து எல்லையைத் தாண்டினால் நீரோடி, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, தூத்தூர். இரு மாநிலங்களின் சந்தோஷ் கோப்பை அணிகளுக்கும் ஆட்களைத் தந்த மணல்வெளி அது, ஐ.எஸ்.எல். வரை சென்ற மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர். 2017 நவம்பரில் ஒக்கி புயல் ஆண்களை வாரிக்கொண்டு போனதும் இதே கரையில்தான். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கால்பந்து என்பது கடலிலிருந்து தப்பும் வழி: நன்றாக ஆடினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை. அந்த வேலையைத் தந்தவை எவை? திருவிதாங்கூர் டைட்டானியம், மின்வாரியம், காவல்துறை, எஸ்.பி.டி., சென்னையில் இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப். எல்லாம் பொதுத்துறை. திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற ஐ.எம். விஜயன் கேரளக் காவல்துறை அணியில் வளர்ந்தே இந்தியாவுக்குத் தலைமை ஏற்றார். 2017 ஏப்ரல் 1 அன்று எஸ்.பி.டி.யை எஸ்.பி.ஐ.யில் கரைத்தபோது நாம் வைப்புத்தொகையைப் பற்றியும் கிளைகளைப் பற்றியும் பேசினோம்; அந்தப் பெயரில் ஓர் அணி இல்லாமற்போனதைப் பற்றி எத்தனை தீர்மானம் போட்டோம்? பொதுத்துறை கொடுத்த இடத்தில் இப்போது மூலதனம் நிற்கிறது. அதற்குப் பொழியூர்ப் பையனின் கால் தேவையில்லை. அவன் பார்வையாளனாக இருந்து கைப்பேசியில் பணம் கட்டினாலே போதும்.

ஜூன் மாதத்தில் கிளைகளால் செய்யக்கூடியவை உண்டு. வாசகசாலைகளில் ஆட்டங்களை ஊரார் கூடிப் பார்க்க ஏற்பாடு செய்வோம். தனியறையில் கைப்பேசியோடு இருப்பவனைத்தான் இந்த வலை எளிதாகப் பிடிக்கிறது. திரைக்குப் பக்கத்தில் மேலே சொன்ன 108 ரூபாய்க் கணக்கை எழுதி ஒட்டுவோம். தமிழிலும் மலையாளத்திலும் எழுதித்தர நான் அணியம். கணக்கை வாடகைக்குக் கேட்டு வருபவன் யார் என்பது பெரும்பாலும் ஊருக்குத் தெரியும். வாலிபர் அமைப்பு அவனைப் பெயர் சொல்லி எச்சரிக்கட்டும், தேவைப்பட்டால் காவல்நிலையத்துக்கும் போகட்டும். கடன் செயலிகளிடம் மாட்டிக்கொண்ட வீடுகளைக் குடும்பஸ்ரீத் தோழியர்தான் முதலில் அறிவார்கள். அவர்களையும் சேர்த்துக்கொண்டு பேசுவோம். நம் கொடியும் படமும் உள்ள விளம்பரத் தட்டிகளுக்கு யார் பணம் தருகிறார்கள் என்பதைக் கிளைச் செயலாளர்கள் கேட்டறிய வேண்டும். பெயர் தெரியாத ஒரு செயலியின் முத்திரை மூலையில் இருந்தால், மெஸ்ஸியின் முகமே ஆனாலும், தட்டி இறக்கப்படவேண்டும்.